பிளாஸ்ரிக் பொக்ஸா, தகரப் பொக்ஸா: சுவர் பூச முதல் தெரிந்துகொள்ள வேண்டியது

சுவர் எழும்பியதும் வயர்மன் ஒரு துண்டு எழுதித் தருவார். கொன்டியூட் பைப், வயர், சுவிச், பிளக் பொயின்ற் என்று போகும் அந்தப் பட்டியலில், சுவிச்சுக்குப் பின்னால் சுவரில் புதைக்கிற சன்க் பொக்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ துண்டை நீட்டினால், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து "பிளாஸ்ரிக்கா, தகரமா?" என்பார். விலையைக் கேட்டு மலிவானதை எடுப்பவர்கள் அதிகம். "இரும்பு என்றால் உறுதி" என்று தகரத்தை எடுப்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வீட்டு எர்த், அதாவது ஒழுகும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் வழி, எப்படி? அதைத் தெரிந்துகொண்டால் பொக்ஸைத் தெரிவது சின்ன வேலை. ஆகவே இந்தக் கட்டுரை பொக்ஸில் தொடங்கினாலும் பாதிக்கு மேல் எர்த்தைப் பற்றித்தான் பேசப்போகிறது.

முதலில், இந்தப் பெட்டி எதற்கு? சுவிச்சையும் பிளக் பொயின்றையும் சுவரில் பிடித்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை, வயர் முனைகள் இறுக்கப்படும் இடத்தைச் சுற்றி ஓர் அறை அமைப்பது. வீட்டு வயரிங்கில் பிழை பெரும்பாலும் வயரின் நடுவில் வருவதில்லை, முனையில்தான் வரும். திருகாணி சரியாக இறுகாவிட்டால் அந்த இடம் சூடாகும், பொறி பறக்கும். அந்தச் சூடு சுவர்ப் பலகைக்கோ கூரை ஓலைக்கோ போகாமல் உள்ளேயே அடங்க வேண்டும். சீமெந்துத் தூசி, பல்லி, எறும்பு, குளவிக் கூடு எதுவும் முனையை நெருங்கவும் கூடாது.

நம்மூரில் கிடைப்பவை இரண்டு வகை. சுவரை வெட்டி உள்ளே புதைப்பது சன்க் பொக்ஸ். சுவருக்கு மேலே வைத்துத் திருகுவது சேர்ஃபஸ் பொக்ஸ். சுவருக்கு மேலே கேசிங் என்கிற பிளாஸ்ரிக் பட்டை அடித்து, அதற்குள் வயரிங் செய்த வீடுகளில் இதைத்தான் காண்பீர்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. சுவரும் கூரையும் முடிவதற்குள் காசும் முடிந்து, பூசிய சுவரின் மேல் பின்னாளில் கேசிங் ஓடிய வீடுகள் வன்னியில் நிறைய. அவற்றில் பெரும்பாலும் பிளாஸ்ரிக் சேர்ஃபஸ் பொக்ஸ்தான், அது சரியான தெரிவும்கூட. பிளாஸ்ரிக்கா தகரமா என்ற யோசனை பெரும்பாலும் புதைக்கிற பொக்ஸுக்குத்தான் வரும்.

தகரப் பொக்ஸ் என்று நாம் சொல்வது நாகம் பூசிய உருக்குத் தகட்டில் செய்தது. அதன் நல்ல குணங்கள் உண்மையானவை. மேசன் கல்லை இறுக்கி வைத்தாலும் வாய் கோணாது. திருகாணி போகும் காதுகளில் மரை உலோகத்தில் இருப்பதால், பத்துத் தடவை கழற்றிப் பூட்டினாலும் தேயாது. உள்ளே ஒரு முனை சூடேறிக் கருகினால் பெட்டி உருகாது, எரியாது.

ஆனால் உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே மின்சாரம் வரும் லைன் வயர் ஒன்றின் தோல் உரிந்து பொக்ஸின் விளிம்பில் பட்டால் முழுப் பொக்ஸுக்கும் 230 வோல்ற் ஏறிவிடும். பொக்ஸ் சுவருக்குள் தானே இருக்கிறது என்று நினைக்கலாம். சுவிச் முகப்பில் இரண்டு திருகாணித் தலைகள் தெரிகின்றனவே, அவை நேராக அந்தப் பொக்ஸின் காதில்தான் போய் இறுகுகின்றன. ஈரக் காலுடன் சீமெந்து நிலத்தில் நின்று லைற்றைப் போட வருபவரின் விரல் படும் இடம் அது. இதனால்தான் தகரப் பொக்ஸ் ஒவ்வொன்றுக்கும் எர்த் வயர் கொடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. பொக்ஸுக்குள் அதற்கென்று ஒரு சிறு முனை வைத்திருப்பார்கள்.

வன்னியில் பலர் சறுக்குவது இங்கேதான். முன்பு அரச கட்டடங்களில் இரும்புக் கொன்டியூட் பைப் ஓடும். பைப்பும் பொக்ஸும் ஒன்றாக இறுகியிருக்கும், எர்த் தானாகவே தொடரும். இப்போது வீடுகளில் ஓடுவது பிவிசி பைப். அது எர்த்தைக் கொண்டுவராது. ஆகவே பிவிசி பைப்பில் தகரப் பொக்ஸை மாட்டினால், பச்சை-மஞ்சள் எர்த் வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவந்து பொக்ஸில் முடிய வேண்டும்.

பிளக் பொயின்றில் இது பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் பிளக்குக்கே எர்த் வயர் வருகிறது; அங்கிருந்து ஒரு சிறு துண்டைப் பொக்ஸுக்குக் கொடுத்தால் போதும். லைற் சுவிச்சில்தான் ஆபத்து. பிளாஸ்ரிக் முகப்புள்ள சுவிச் வேலை செய்ய எர்த் தேவையில்லை. லைன் ஒன்று இறங்கும், சுவிச்சிலிருந்து பல்புக்கு ஒன்று ஏறும், வேலை முடிந்தது. எர்த் வயரை அங்கே இறக்கினால் ஒவ்வொரு சுவிச்சுக்கும் சில மீற்றர் வயர் கூடப் போகும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் இருப்பது தகரப் பொக்ஸ் என்றால், எர்த் இல்லாத இரும்பு ஒன்றைக் கையெட்டும் உயரத்தில் சுவரில் புதைத்து வைத்திருக்கிறோம். வீடு பூசி நிறம் அடித்த பிறகு அது யாருக்கும் தெரியாது. பல வருடம் ஒன்றும் நடக்காமலும் இருக்கும்.

சரி, எர்த் வயர் பொக்ஸ் வரை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வயர் எங்கே போய் முடிகிறது? சில நாடுகளில் மின்சாரம் தருபவர்களே எர்த்தையும் ஒரு கம்பியாக வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். இலங்கையில் வீட்டு இணைப்புக்கு அப்படி வருவதில்லை. போஸ்ற்றிலிருந்து வருவது லைனும் நியூட்ரலும். எர்த்தை நாம்தான் வளவில் செம்பு பூசிய ஒரு றொட்டை அடித்து உண்டாக்கிக்கொள்கிறோம். அப்படியானால் அந்த றொட் எவ்வளவு நல்லது என்பதை உங்கள் வளவு மண்தான் தீர்மானிக்கும்.

மாரி காலத்தில் நனைந்த வயல் களிமண் நல்ல எர்த். அதே வளவு சோளகம் அடிக்கும் மாதங்களில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர மணலில் மேல்மண் காய்ந்தால் தண்ணீரே நிற்காது. மண் காயக் காய றொட்டின் தடை ஏறும். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். றொட்டின் தடை 100 ஓம் என்று வையுங்கள். காய்ந்த நிலத்தில் இது அதிசயமான எண் அல்ல. லைன் வயர் தகரப் பொக்ஸில் பட்டு, 230 வோல்ற் அந்த 100 ஓம் வழியாக நிலத்துக்குப் போனால், ஓடும் மின்னோட்டம் 2.3 அம்பியர். லைற் லைனில் இருப்பது 6 அம்பியர் பிறேக்கர், பிளக் லைனில் அதைவிடப் பெரியது. 2.3 அம்பியருக்கு எந்தப் பிறேக்கரும் விழாது. எர்த் கொடுத்திருந்தும் பொக்ஸ் உயிரோடுதான் இருக்கும்!

நம்மைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிச். லைனில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் போடுவது 30 மில்லிஅம்பியர் வகை. அந்தளவு வேறு வழியால் ஒழுகினாலே மின்சாரத்தை வெட்டிவிடும். 2.3 அம்பியர் என்பது அதைப்போல எழுபது மடங்குக்கு மேல். ஆகவே றொட் சுமாராக இருந்தாலும் ட்ரிப் சுவிச் நன்றாக இருந்தால், வயர் பொக்ஸில் பட்ட அந்தக் கணமே வீடு இருளும். எர்த்தே இல்லாத பொக்ஸில் ஒழுக வழியில்லை. ஆகவே யாராவது கை வைக்கும்வரை ட்ரிப் சுவிச் விழாது. தொட்டவரின் உடம்புதான் அந்த வழி. அப்போது வெட்டும், ஆனால் அதிர்ச்சி விழுந்த பிறகு.

ட்ரிப் சுவிச்சில் இருக்கும் சின்ன ரெஸ்ற் பொத்தானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாதம் ஒருக்கால் அமத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் "அமத்தினேன், விழுந்தது, எங்கள் எர்த் நல்லது" என்று சொல்பவர்கள் ஏராளம். அந்தப் பொத்தான் சுவிச்சுக்குள்ளேயே லைனிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு தடையூடாகக் கொஞ்ச மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டுப் பார்க்கிறது. எர்த் றொட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அமத்தினாலும் சுவிச் விழும். எர்த்தை அளக்க அதற்குரிய மீற்றர் வேண்டும்; அதைக் கொண்டுவந்து அளந்து தரும் வயர்மனைப் பிடியுங்கள். தொழில்தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது பிளாஸ்ரிக். இந்தப் பக்கத்தில் கதை சுருக்கம். பிவிசி மின்சாரத்தைக் கடத்தாது. வயர் உரிந்து பெட்டியில் பட்டாலும் திருகாணிக்கு மின்சாரம் வராது. பெட்டிக்கு எர்த் வேண்டாம். துருப்பிடிக்காது. இதை வைத்து "பிளாஸ்ரிக் போட்டால் எர்த்தே தேவையில்லை" என்று சொல்பவரை நம்பவேண்டாம். பெட்டிக்குத்தான் வேண்டாம், 13 அம்பியர் பிளக் பொயின்றுக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதில் செருகப்போகிற பிரிட்ஜும் அயனும் உலோக உடம்பு உள்ளவை. பளபளக்கும் உலோக முகப்புள்ள சுவிச் வாங்கினாலும், பின்னால் எந்தப் பெட்டி இருந்தாலும், முகப்புக்கு எர்த் வேண்டும்.

பிளாஸ்ரிக்கின் பலவீனம் சூடு. பிவிசி வயரின் தோலே 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. 2000 வாற் கேத்தல் ஒன்று கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். முனை இறுகாமல் இருந்தால் ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் அந்த இடம் சுடும், பெட்டி மெல்ல இளகிக் காது வளையும், பிளக் பொயின்ற் சுவரிலிருந்து வெளியே தலைநீட்டும். அப்படித் தளர்ந்து நிற்கும் பொயின்றைக் கண்டால் திருகாணியை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள், மெயினை நிறுத்திவிட்டு உள்ளே கருகியிருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். நல்ல பிவிசி நெருப்புப் பட்டால் கருகுமே தவிர, நெருப்பை எடுத்தபின் தொடர்ந்து எரியாது. கழிவுப் பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்த மலிவுப் பெட்டிகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கடையில் விரலால் இரண்டு பக்கத்தையும் அமத்திப் பாருங்கள். பிஸ்கற் பெட்டி போல அமுங்கினால் வைத்துவிடலாம். பூச்சு இறுகும்போது அது வாய் கோணிவிடும், பிறகு எந்த முகப்பும் நேராக உட்காராது. காதில் பித்தளை மரை பதித்த பெட்டி கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள். வெறும் பிளாஸ்ரிக் மரை இரண்டு தடவை கழற்றிப் பூட்டத் தேய்ந்துவிடும்.

இடத்தைப் பார்த்தும் முடிவு மாறும். முல்லைத்தீவுக் கரையில், மன்னார்த் தீவில், உப்புக்காற்று நாகப் பூச்சை மெல்லத் தின்னும். பூச்சுக்குக் கடல் மணல் கலந்திருந்தால் துரு இன்னும் விரைவு. அங்கே புதைக்கிற பொக்ஸ் பிளாஸ்ரிக்காக இருப்பதுதான் புத்தி. குளியலறைக்கு வெளிச்சுவர், குசினித் தொட்டிக்குப் பக்கம் எல்லாவற்றுக்கும் அதே நியாயம். வெள்ளம் ஏறும் காணிகளில் இன்னொரு யோசனையும் வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தபோது முதலில் மூழ்கியது நிலத்தோடு ஒட்டி வைத்த பிளக் பொயின்றுகள்தான். சேறு புகுந்த தகரப் பொக்ஸ் காய்ந்த பிறகும் உள்ளே துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படியான இடத்தில் பொயின்றை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். பார்க்க வடிவில்லை என்று மேசன் சொல்வார், பரவாயில்லை.

கிணற்றடி மோட்டருக்கு வீட்டுக்குள் போடும் எந்தப் பொக்ஸும் சரிவராது. மூடியும் ரப்பர் வளையமும் உள்ள, தண்ணீர் புகாத வெளிப்பெட்டி வேண்டும். அதிலும் வெயிலைத் தாங்கும் என்று எழுதப்பட்டதை எடுங்கள். சாதாரணப் பிளாஸ்ரிக் நம்மூர் வெயிலில் சில வருடங்களில் நொறுங்கிவிடும். வயர் கீழ்ப்பக்கத்தால் உள்ளே போகட்டும். மேலே ஓட்டை போட்டால் மழைக்கு வழி காட்டியதாகிவிடும்.

பலகைச் சுவர், ஓலைக் கூரை உள்ள கொட்டில்களில் மின்சாரம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே பின்பக்கம் மூடிய, உறுதியான பெட்டிதான் வைக்கவேண்டும். சுவிச்சை நேரே பலகையில் அறைந்து, பின்னால் முனைகளை மரத்தில் பட விடுவது நெருப்பைக் கூப்பிடுகிற வேலை. எர்த் ஒழுங்காக இருக்குமானால் இப்படியான இடத்தில் என் கை தகரத்துக்குத்தான் போகும்.

டிபி பெட்டி, அதாவது ட்ரிப் சுவிச்சும் பிறேக்கர்களும் இருக்கும் பெட்டி, தனிக் கதை. பிரித்தானியாவில் 2016 ஜனவரி 1 முதல் வீடுகளுக்குப் புதிதாகப் பூட்டும் டிபி பெட்டிகள் எரியாத பொருளில் இருக்கவேண்டும் என்று வயரிங் விதியை மாற்றினார்கள். தளர்ந்த முனைகளால் பிளாஸ்ரிக் பெட்டிகள் தீப்பிடித்ததுதான் காரணம். லண்டனில் இருக்கும் உறவினர் இதைக் கேள்விப்பட்டு "இரும்பு டிபி போடு" என்று ஃபோனில் சொல்லக்கூடும். சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எர்த்தை மின்சாரக் கம்பெனியே தருகிறது, பிழை வந்தால் ஃபியூஸ் எரிகிற அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

நம்மிடம் றொட் மட்டும். மீற்றரிலிருந்து வரும் லைன் வயர், ட்ரிப் சுவிச்சுக்குப் போய்ச் சேருமுன் இரும்பு டிபியின் விளிம்பில் உரசி உரிந்தது என்று வையுங்கள். அந்த ஒழுக்கு ட்ரிப் சுவிச்சுக்கு முன்னாலேயே நடப்பதால் அதற்குத் தெரியாது. அதே 2.3 அம்பியர் கணக்குத்தான், மீற்றரடிப் பிறேக்கரும் விழாது. டிபியின் உடம்போ எர்த் வயர்கள் எல்லாவற்றோடும் தொடுத்திருக்கிறது. முடிவு: டிபி மட்டுமல்ல, பிரிட்ஜ், அயன், தகரப் பொக்ஸ்களின் திருகாணிகள் எல்லாமே ஒரே நேரத்தில் உயிர்பெறும். நான் அஞ்சுவது இந்த ஒன்றுக்குத்தான். இரும்பு டிபி போடுவதானால் உள்ளே வரும் வயருக்கு மேலதிக உறை, நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ், இழுத்தாலும் அசையாத பிடி மூன்றும் இருக்கவேண்டும். அதைச் செய்ய வயர்மனுக்குப் பொறுமை இல்லையென்றால், தரமான பிளாஸ்ரிக் டிபியை ஓலையும் துணியும் நெருங்காத சுவரில் வைப்பதே மேல்.

வெளிநாட்டு யோசனை என்றதும் யூரியூப்பும் ஞாபகம் வருகிறது. அமெரிக்க வீடியோக்களில் நீலப் பிளாஸ்ரிக் பொக்ஸை மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் பூட்டுவார்கள். அவர்களுடைய சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும், மின்சாரம் 120 வோல்ற். பொக்ஸின் அளவும் வேறு. தமிழ்நாட்டு மொடியூலர் சுவிச்சுகளும் அப்படித்தான். வடிவாக இருக்கிறதென்று முகப்பை மட்டும் கொண்டுவந்தால் நம்மூர்ச் சதுரப் பொக்ஸில் திருகாணி ஓட்டை பொருந்தாது. இங்கே தனிப் பொக்ஸின் இரண்டு காதுக்கும் இடைத்தூரம் 60.3 மில்லிமீற்றர், இரட்டைப் பொக்ஸுக்கு 120.6. பிரித்தானிய அளவு.

ஆழத்தையும் பார்த்து வாங்குங்கள். 16 மில்லிமீற்றர் பொக்ஸில் ஒரு லைற் சுவிச்சை ஒருவாறு அடக்கலாம். பிளக் பொயின்றுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது) மூன்று வந்து மூன்று போகுமானால் 25 போதாது, 35 எடுங்கள். சின்னப் பொக்ஸுக்குள் வயரைத் திணித்து முகப்பை அமத்திப் பூட்டும்போதுதான் தோல் உரிகிறது. தகரத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று மேலே பார்த்தோம். நாலு அங்குலக் கல்லுச் சுவரில் இரண்டு அறைக்கும் முதுகோடு முதுகாகப் பொக்ஸ் வைக்கவேண்டாம், நடுவில் கல் மிஞ்சாது. ஃபானை எந்தப் பொக்ஸிலும் தொங்கவிடக் கூடாது. அதற்கு வளையிலோ தட்டிலோ தனிக் கொக்கி.

என் தெரிவைக் கேட்டால்: லைற் சுவிச்சுகள் எல்லாவற்றுக்கும் தடிப்பான பிளாஸ்ரிக், மேலே சொன்ன கொட்டில் தவிர எங்கேயானாலும் சரி. உள்வீட்டில் காய்ந்த சுவரில், கேத்தலும் அயனும் நாளாந்தம் செருகுகிற பொயின்றுகளுக்குத் தகரம், எர்த் வயரைப் பொக்ஸில் முடிவதை நானே நின்று பார்ப்பதானால் மட்டும். நிற்க நேரமில்லை என்றால் அங்கேயும் பிளாஸ்ரிக். ஒரே வீட்டில் இரண்டையும் கலப்பதில் எந்தப் பிழையும் இல்லை.

தகரப் பொக்ஸில் வட்டத் தகட்டைத் தட்டிக் கழற்றிய ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடாமல் வயர் இழுக்க விடாதீர்கள், அந்த விளிம்பு கத்திதான். பைப் வராத ஓட்டையைத் திறந்து விட்டால் எறும்பும் குளவியும் குடிவரும். பூச்சுக்கு முதல் பொக்ஸ்களுக்குள் நனைத்த சீமெந்துப் பைக் கடதாசியை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேசன் காதையும் மரையையும் சேர்த்துப் பூசிவிடுவார். பொக்ஸின் வாய் பூச்சு மட்டத்தோடு சமமாக வரவேண்டும், உள்ளே புதைந்தால் நீளத் திருகாணி தேடி அலையவேண்டி வரும்.

எல்லாம் வைத்து முடிந்து, பூச்சு தொடங்குமுன், அளவு நாடாவை நிலத்திலிருந்து நீட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பைப் எந்த வழியால் ஏறுகிறது, எந்தப் பொக்ஸ் தகரம், அதில் பச்சை-மஞ்சள் வயர் முடிந்திருக்கிறதா என்பது படத்தில் தெரியவேண்டும். தெரியாத பொக்ஸுக்கு வயர்மனை அன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள்.